அந்தி வேளை ஆட்டங்களைப் படம் பிடித்தல்

மாலை நேரத்தில் நடைபெறும் விளையாட்டுகளைப் படம் பிடிப்பவர் ஒரே சமயத்தில் இரண்டைத் துரத்த வேண்டியிருக்கிறது. ஒன்று, ஓடுகின்ற ஆட்டக்காரர். மற்றொன்று, குறைந்துகொண்டே போகும் வெளிச்சம். முன்னதைப் பற்றிக் காமிரா நூல்கள் விரிவாகவே கூறுகின்றன. பின்னதைப் பற்றி நம் நாட்டு நிலைமைக்கு ஏற்றவாறு கூறும் நூல்கள் குறைவு. பள்ளி விளையாட்டு விழாக்களையும் கிராம மன்றப் போட்டிகளையும் படமெடுத்துப் பதிவு செய்யும் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியர்கள் மீதும் களப்பணியாளர்கள் மீதும் விழுகிறது. அவர்களை முன்னிட்டு இவ்விரண்டையும் சேர்த்தே இங்கு ஆராய்வோம். உதாரணங்களைத் திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆங்கிலத்தில் அமைந்த ஒரு காமிராப் பாடத்தை நான் தமிழாக்கினேன். "சூரியன் மறைந்த பின்னரும் அரை மணி நேரத்துக்கு இதமான வெளிச்சம் இருக்கும், அதனை நன்கு பயன்படுத்திக்கொள்ளலாம்" என்ற கருத்து அதில் இருந்தது. அதனை அப்படியே தமிழில் எழுதினேன். கோட்டைப் பகுதியில் பணிபுரிந்த உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் அதனை நம்பினார். நவம்பர் மாதத்தில் அவருடைய பள்ளியில் விளையாட்டு விழா நடந்தது. பிற்பகலில் மழை பெய்தமையால் நிகழ்ச்சிகள் தாமதமாயின. இறுதி நிகழ்ச்சியான தொடர் ஓட்டம் தொடங்கியபோது மணி ஆறு பத்து. அரை மணி வெளிச்சம் மிச்சம் இருப்பதாகவே அவர் எண்ணியிருந்தார். காமிராவைத் தானியங்கி முறையில் வைத்துப் படமெடுத்தார்.

படத்தில் மைதானத்துச் சுண்ணாம்புக் கோடுகள் தெளிவாக இருந்தன. ஓரத்தில் கிடந்த பெஞ்சும் தெளிவாக இருந்தது. ஓடிய சிறுமிகள் மட்டும் புகைபோல் இருந்தனர். இரண்டாம் இடத்துக்கு வந்தவர் யார் என்பதில் இரு அணியினரிடையே பூசல் எழுந்தது, நடுவர்களும் ஒருமனப்படவில்லை. படம் தீர்த்து வைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். மார்பில் குத்தியிருந்த எண்களைக்கூட அதில் படிக்க இயலவில்லை. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார். "சார், பாடத்தில் அரை மணி என்று போட்டிருக்கிறதே?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பில் சொற்பிழை ஏதும் இல்லை, ஊர்தான் பிழையாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு விடையாகவே பின்வருவனவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

அந்தியின் நீளம்

சூரியன் தொடுவானத்துக்குக் கீழே ஆறு பாகை இறங்கும் வரை உள்ள நேரத்தை வானவியலார் அந்தியின் முதற்பகுதியாகக் கொள்கின்றனர். அது முடிந்தபின் விளக்கின்றி வெளியில் வேலை செய்வது கடினம். இந்த முதற்பகுதியின் நீளம் எல்லா ஊர்களிலும் ஒன்றன்று. பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் ஏறத்தாழ செங்குத்தாகவே கீழே இறங்குகிறது. வடக்கே செல்லச் செல்ல அதன் பாதை சாய்ந்துகொண்டே போகிறது. ஆகவே அதே ஆறு பாகையைக் கடக்க அதற்கு அதிக நேரம் பிடிக்கிறது. லண்டனில் மார்ச் மாத இறுதியில் இதற்கு 33 நிமிடங்கள் ஆகின்றன. ஜூன் மாதத்தில் முக்கால் மணிக்கும் மேல் ஆகிறது. எட்டரை பாகை அட்சரேகையிலுள்ள திருவனந்தபுரத்தில் ஆண்டு முழுவதும் 21 முதல் 23 நிமிடங்களே. நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கணக்கு ஏறத்தாழ இதுவே.

அந்த 21 நிமிடங்களிலும் வெளிச்சம் ஒரே அளவாக இருப்பதில்லை. தெளிந்த வானத்தில் சூரியன் மறையும் தறுவாயில் தரையில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 400 லக்ஸ். அந்தியின் முதற்பகுதி முடியும்போது அது மூன்று அல்லது நான்கு லக்ஸாகக் குறைந்துவிடுகிறது. அதாவது நூற்றில் ஒரு பங்கு. வெளிச்சம் பாதியாகக் குறைவதைக் காமிராக்காரர்கள் ஒரு படி என்று கணக்கிடுகின்றனர். அவ்வாறு கணக்கிட்டால் 21 நிமிடங்களில் ஏறத்தாழ ஏழு படிகள் இறங்குகின்றன. மூன்று நிமிடத்துக்கு ஒரு படி. ஒரு கால்பந்து ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் இந்நேரத்தில் அமையுமானால், ஆட்டம் முடிவதற்குள் காமிராவின் அளவுகளை மூன்று முறையாவது மாற்றியாக வேண்டும். நம் கண் இதனை உணர்வதில்லை; அது தானாகவே பழகிக்கொள்கிறது. படமெடுப்பவர் ஏமாந்து போவதற்கு முதற்காரணம் அவருடைய கண் நன்றாக இருப்பதேயாகும்!

சூரியன் மறையும் நேரமும் மாதந்தோறும் மாறுகிறது. திருவனந்தபுரத்தில் நவம்பர் நடுவில் ஆறு மணிக்கு ஒரு நிமிடம் முன்பாகவே மறைந்துவிடும் சூரியன், ஜூலையில் 6-45 வரை நிற்கிறது. பள்ளி விழாக்கள் பல நடைபெறும் மாதங்களில்தான் சூரியன் சீக்கிரம் மறைகிறது என்பதை நிகழ்ச்சி நிரல் தயாரிப்போர் கவனிக்க வேண்டும். மேகமிருந்தால் மேலும் இரண்டு அல்லது மூன்று படிகள் குறையும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாலை மழை சகஜம். காரியவட்டத்திலுள்ள மைதானத்தில் 2017-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி நடந்த இந்தியா-நியூசிலாந்து கிரிக்கெட் ஆட்டம் மழையினால் அணிக்கு எட்டே ஓவராகக் குறைக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கலாம்.

மலையடிவாரத்து ஊர்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. பாபநாசத்திலும் குற்றாலத்திலும் மேற்கே மலை நிற்கிறது. பஞ்சாங்கம் கூறும் அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்னரே மைதானத்தில் மலையின் நிழல் விழுந்துவிடும். அங்குள்ள ஆசிரியர்கள் பஞ்சாங்கத்தை விட்டு, நிழல் மைதானத்தின் மேற்கு எல்லையைத் தொடும் நேரத்தை ஒருநாள் முன்னதாகக் கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வது நலம்.

மூன்று அளவுகள்

காமிராவில் வெளிச்சத்தை ஆளுகின்ற அளவுகள் மூன்று. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முதலாவது. லென்ஸின் துவாரம் இரண்டாவது. பிலிமின் உணர்வு வேகம், அதாவது இன்றைய காமிராவில் ஐ.எஸ்.ஓ. எண், மூன்றாவது. துவாரத்தைக் குறிக்கும் எண் பலரைக் குழப்புகிறது. எஃப் 2.8 என்பது பெரிய துவாரம். எஃப் 8 என்பது சிறியது. அந்த எண் ஒரு வகுக்கும் எண் என்று நினைவில் கொண்டால் குழப்பம் தீரும். லென்ஸின் குவியத் தூரத்தை அதனால் வகுத்தால் துவாரத்தின் விட்டம் கிடைக்கும். எட்டால் வகுத்த பங்கு, இரண்டே முக்காலால் வகுத்த பங்கினும் சிறியதாகத்தானே இருக்கும்? எஃப் 2.8, 4, 5.6, 8 என்ற வரிசையில் ஒவ்வொன்றும் முந்தியதினும் ஒரு படி குறைந்த வெளிச்சத்தையே உள்ளே விடுகிறது.

மாலை ஆட்டங்களைப் பொறுத்தவரை இம்மூன்றினுள் எதனை முதலில் நிர்ணயிப்பது என்பதே கேள்வி. இயற்கைக் காட்சி எடுப்பவர் துவாரத்திலிருந்து தொடங்குகிறார். ஆட்டத்தைப் படமெடுப்பவர் ஷட்டரிலிருந்தே தொடங்க வேண்டும். ஆட்டம் கேட்கும் ஷட்டர் வேகம் எதுவோ, அதனை முதலில் வைத்துவிட்டு, துவாரத்தை முழுவதும் திறந்துவிட வேண்டும். அதன்பின் எஞ்சிய குறையை ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தி ஈடுசெய்ய வேண்டும். எண்ணை உயர்த்தினால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும் என்பது உண்மையே. பலர் அதற்கு அஞ்சி 800-க்கு மேல் போவதில்லை. ஆனால் மணல் தூவிய படத்தில் சிறுமியின் முகத்தை அடையாளம் காணலாம். மார்பிலுள்ள எண்ணைப் படிக்கலாம். புள்ளிகளைப் பின்னர்க் கணிப்பொறியில் ஓரளவு நீக்கவும் செய்யலாம். அசைவினால் கலங்கிய படத்தைத் தெளிவாக்க நம்பத்தக்க வழி இல்லை. மேலே கூறிய தொடர் ஓட்டத்தில் காமிரா தானாகத் தேர்ந்துகொண்டது ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 4, ஷட்டர் 1/15 வினாடி. புள்ளிகள் குறைவான, மிக நேர்த்தியான படம்தான்! வினாடிக்கு ஏழு மீட்டர் ஓடுகின்ற சிறுமி 1/15 வினாடிக்குள் ஏறத்தாழ அரை மீட்டர் நகர்ந்துவிட்டாள்.

இவ்விஷயத்தில் முந்தைய தலைமுறையினரைவிட நாம் பாக்கியசாலிகள். கோடாக் கம்பெனியார் 35 மில்லிமீட்டர் அளவில் டிரை-எக்ஸ் பிலிமை 1954-இல் வெளியிட்டபோது அதன் வேகம் 200 என்றே மதிப்பிடப்பட்டது. அதுவே அப்போது வேகமான பிலிமாக எண்ணப்பட்டது. சாதாரண 100 வேகப் பிலிமும் எஃப் 2 லென்ஸும் கொண்டு அஸ்தமன வேளையில் படமெடுத்தவருக்கு 1/40 வினாடிக்கு மேல் ஷட்டரை விரைவுபடுத்த வழியில்லை. அக்காலத்து மாலைப் படங்களில் ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று கோப்பையைப் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்டம் கேட்கும் வேகம்

ஷட்டர் வேகத்தை ஆட்டத்தின் பெயரைக்கொண்டு மட்டும் தீர்மானித்தல் ஆகாது. மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: பொருள் எவ்வளவு விரைவாக நகர்கிறது, எத்திசையில் நகர்கிறது, எந்தக் கணத்தில் படம் எடுக்கிறோம் என்பன.

வேகத்தைக் கணக்கிடுவது எளிது. நல்ல உதையில் கால்பந்து வினாடிக்கு இருபது மீட்டர் செல்லும் என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/60 வினாடி திறந்திருந்தால் பந்து 33 சென்டிமீட்டர் நகரும். பந்தின் விட்டமோ 22 சென்டிமீட்டர்தான். ஆகவே படத்தில் பந்து இராது. ஒரு கோடே இருக்கும். 1/500 வினாடியில் அது நான்கு சென்டிமீட்டர் நகரும். சற்று நீண்ட பந்தாகத் தெரியும். 1/1000 வினாடியில் உருண்டையாகவே தோன்றும். ஓடுபவரின் உடல் வினாடிக்கு ஏழு அல்லது எட்டு மீட்டர் சென்றாலும், முன்னோக்கி வீசப்படும் பாதம் ஏறத்தாழ அதன் இருமடங்கு வேகத்தில் செல்கிறது. முகம் தெளிவாகவும் கால் கலங்கியும் உள்ள படங்கள் இதனால்தான் கிடைக்கின்றன. அவற்றைக் குறையென்று நான் கருதுவதில்லை; ஓட்டம் ஓட்டமாகவே தெரிகிறது.

திசை பற்றிய பழைய விதி ஒன்று இன்றும் பயன்படுகிறது. காமிராவுக்குக் குறுக்கே ஓடுபவருக்கு 1/500 வேண்டுமானால், சாய்வாக வருபவருக்கு 1/250 போதும். நேராக நம்மை நோக்கி வருபவருக்கு 1/125 போதும். அதாவது நிற்கும் இடத்தை மாற்றினால் மட்டுமே இரண்டு படி வெளிச்சம் மிச்சமாகிறது. விலையுயர்ந்த லென்ஸ் வாங்கிப் பெறும் ஆதாயமும் ஏறத்தாழ அவ்வளவே. தொடர் ஓட்டத்தை முடிவுக்கோட்டின் பக்கத்தில் நின்று எடுப்பது வழக்கம். யார் முந்தினார் என்பதைக் காட்ட அதுவே தேவை. வெளிச்சம் குன்றிவிட்டால் அதனைக் கைவிட்டு, கோட்டுக்கு அப்பால் சற்றுத் தொலைவில், ஓடுபாதைக்கு வெளியே, ஓடிவருபவர்களை எதிர்நோக்கி நிற்கலாம். முடிவைத் தீர்க்க அப்படம் உதவாது, முகங்களாவது கிடைக்கும்.

மூன்றாவது விஷயமே அநுபவத்தின் பாற்பட்டது. மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்புகிறது அல்லவா? உயரம் தாண்டுபவரும் அவ்வாறே கம்பிக்கு மேலே ஒரு கணம் மிதக்கிறார். கைப்பந்தாட்டத்தில் எம்பி அடிக்கப் போகிறவர், கூடைப்பந்தில் எகிறிப் பந்தை விடுகிறவர், கபடியில் கோட்டைத் தொட எட்டிப் பிடித்து முழுதும் நீண்டுவிட்ட பாடிச்செல்பவர் ஆகிய எல்லோரிடத்தும் இத்தகைய உச்சகணம் உண்டு. அக்கணத்தில் 1/200 வினாடியே போதுமானதாக இருக்கும். ஆனால் கண்ணால் கண்டபின் விரலை அழுத்தினால் கணம் தவறிவிடும். கண்டதை மூளை அறிந்து விரல் அசைவதற்குள் ஏறத்தாழ கால் வினாடி கழிகிறது. ஆகவே உச்சத்துக்குச் சற்று முன்னரே அழுத்தப் பழக வேண்டும். உதைபட்ட ஓசை கேட்டபின் அழுத்துபவருக்குப் பந்து இல்லாத படமே கிடைக்கும்.

கடிகாரத்தைக்கொண்டு ஓர் உத்தேசம்

தெளிந்த வானமுள்ள நாளில் இவ்வட்டாரத்துக்கு ஏற்ற தொடக்க அளவுகளைக் கூறலாம். அஸ்தமனத்துக்கு ஒரு மணி முன்பு ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 5.6, 1/1000 வினாடி சரியாக வரும். அரை மணி முன்பு அதே ஐ.எஸ்.ஓ. எண்ணில் எஃப் 4, 1/500 வினாடி. சூரியன் மறையும்போது ஐ.எஸ்.ஓ. 3200, எஃப் 4, ஏறத்தாழ 1/320 வினாடி. அந்த அரை மணியில் எவ்வளவு இறங்கிவிட்டோம் என்பதைக் கவனிக்கவும். மறைந்து பத்து நிமிடம் கழிந்ததும் எஃப் 2.8 லென்ஸ் உள்ளவர் ஐ.எஸ்.ஓ. 6400-இல் 1/160 வினாடி பெறலாம். சாதாரணப் பெட்டி லென்ஸ் உள்ளவர், அதாவது நீட்டிப் பிடித்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்க இயலாதவர், அந்நேரத்துக்குள் காமிராவை உறையில் போட்டுவிடலாம். அல்லது பரிசளிப்புக்கு விளக்கேற்றும் இடத்துக்குச் செல்லலாம்.

இவை உத்தேச அளவுகளே. மைதானத்தில் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். அதற்குச் சிறந்த கருவி நம் உள்ளங்கை. ஆட்டக்காரர் முகத்தில் விழும் அதே வெளிச்சம் உள்ளங்கையில் விழுமாறு பிடித்து, காமிராவை அதன்மீது நெருக்கிக் காட்டி அளவைப் பார்க்க வேண்டும். உள்ளங்கை சராசரிப் பொருளைவிடச் சற்று வெளிறியது. ஆதலால் காட்டும் அளவிலிருந்து ஒரு படி கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அதனை மாற்றாமல், தானியங்கியை நம்பாமல், கையினால் நிலைநிறுத்திப் படமெடுக்கலாம். நம் பள்ளிப் பிள்ளைகள் அநேகமாக வெள்ளைச் சட்டையில் ஆடுகின்றனர். காமிரா அந்த வெண்மையைப் பார்த்து வெளிச்சம் மிகுந்திருப்பதாக எண்ணிக்கொள்ளும். கருத்த முகங்கள் இருண்டுவிடும். சட்டையின் மடிப்புகள் சிறிது வெளுத்துப்போனாலும் முகம் தெரிய வேண்டும் என்பதே என் கருத்து.

துவாரத்தை முழுவதும் திறப்பதில் ஓர் இடையூறு உண்டு. 200 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 2.8-இல் வைத்து இருபது மீட்டர் தொலைவிலுள்ள ஒருவரைக் குவித்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழமே தெளிவாக இருக்கும். தாண்டும் கம்பி, கோல் கம்பம், முடிவுக்கோடு போன்று நிகழ்ச்சி நடக்குமிடம் முன்கூட்டியே தெரிந்தால் அங்கேயே குவித்து வைத்துவிட்டுக் காத்திருப்பது மேல். இருட்டில் தானியங்கிக் குவிப்பு தடுமாறும்.

எங்கே நிற்பது?

கிழக்கேகோட்டையில் மாலையில் நிற்பவர் மேற்கே பார்த்தால் பத்மநாபசுவாமி கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் தெரியும். அதன் பின்னால்தான் சூரியன் இறங்குகிறது. இரவும் பகலும் சமமாக இருக்கும் மார்ச் 20, 21, செப்டம்பர் 22, 23 ஆகிய நாள்களை ஒட்டி, மறையும் சூரியன் கோபுரத்தின் நடுவிலுள்ள சாளரங்களில் ஒவ்வொன்றாகத் தோன்றி இறங்குவதைக் காணலாம். அக்காட்சிக்காகக் காமிராக்காரர்கள் முன்னதாகவே வந்து இடம் பிடித்து நிற்கின்றனர். அவர்கள் சூரியனுக்கு எதிரே நிற்கின்றனர். கோபுரம் கரிய நிழலுருவமாக விழுவதே அவர்களுக்கு வேண்டும்.

ஆட்டத்தைப் படமெடுப்பவர் இதற்கு நேர் எதிராக நிற்க வேண்டும். மைதானத்தின் மேற்கு ஓரத்தில், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால், நம்மை நோக்கி வருவோரின் முகத்தில் வெளிச்சம் முழுவதும் விழும். சூரியன் மறைந்த பின்னரும் இதே இடம்தான் நல்லது. மேற்கு வானம் அப்போது பெரியதொரு விளக்குத் திரைபோல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். கிழக்கு வானமோ ஏற்கெனவே கறுத்திருக்கும். கிழக்கு ஓரத்தில் நிற்பவர் அந்த ஒளிரும் வானத்தையும் சேர்த்துப் படமெடுத்தால், காமிரா வானத்துக்கே அளவு வைத்து ஆட்டக்காரரைக் கரியாக்கிவிடும். வேண்டுமென்றே ஒருமுறை அப்படி எடுக்கலாம். சிவந்த வானத்தின் முன் எகிறி நிற்கும் நிழலுருவம் அழகானது. அதற்கு வெளிச்சமும் அதிகம் தேவையில்லை. ஆனால் யார் எகிறினார் என்று பதிவேட்டில் எழுத அது பயன்படாது.

விளக்கொளியில் நடக்கும் ஆட்டங்கள்

மின்விளக்கில் ஆடும் ஆட்டங்களில் வெளிச்சம் குறைந்துகொண்டே போகும் தொல்லை இல்லை. ஒருமுறை அளவை நிர்ணயித்தால் ஆட்டம் முடியும்வரை போதும். தொலைக்காட்சிக்காக ஒளியூட்டப்படும் பெரிய மைதானங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லக்ஸ் வெளிச்சம் இருக்கும், அங்கு ஐ.எஸ்.ஓ. 3200, எஃப் 4-இல் 1/1000 வினாடி எளிதாகக் கிடைக்கும். நாம் பெரும்பாலும் எதிர்கொள்வது அதுவன்று. கம்பத்துக்கு இரண்டு விளக்காக நான்கு மூங்கிலில் கட்டிய கபடிக் களமே நமக்கு வாய்ப்பது. அங்கு 200 லக்ஸ் இருந்தால் அதிகம். ஐ.எஸ்.ஓ. 6400, எஃப் 4-இல் 1/320 வினாடி கிடைக்கும், எஃப் 5.6-இல் 1/160 தான். தரையில் விழும் வெளிச்சத்தைவிட முகத்தில் விழுவது குறைவு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விளக்கு தலைக்கு மேலே இருப்பதால் கண்குழிகள் இருண்டிருக்கும். களத்தில் எந்த மூலை வெளிச்சமானது என்று ஆட்டத்துக்கு முன்பே உள்ளங்கையை நீட்டியவாறு ஒருமுறை சுற்றிவந்து பார்த்து, ஆட்டம் அந்த மூலைக்கு வரும்வரை பொறுத்திருக்கலாம். பின்னால் கரிய வானம் இருப்பதால் தானியங்கி அளவு இங்கும் ஏமாறும். வானத்தின் இருளை ஈடுசெய்வதாக எண்ணி முகங்களை வெளுக்கச் செய்துவிடும்.

மின்விளக்குகளில் மற்றொரு விந்தை உண்டு. நம் நாட்டு மாறுமின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று. அதனால் பல விளக்குகள் வினாடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு இது தெரியாது. 1/500 வினாடி ஷட்டர், ஒரு துடிப்பில் ஐந்தில் ஒரு பகுதியை மட்டும் பிடிக்கிறது. அது பிரகாசமான பகுதியாகவும் இருக்கலாம். மங்கலான பகுதியாகவும் இருக்கலாம். ஆகவே அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் மற்றொன்று இருண்டும், சில சமயம் நிறமே மாறியும் இருக்கும். காமிரா பழுது என்று எண்ணிக் கடைக்கு எடுத்துச் சென்றவர்களை நான் அறிவேன். 1/100 வினாடி வைத்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரு முழுத் துடிப்பு அகப்படும், வேறுபாடு நீங்கும். அமெரிக்க நூல்கள் இதற்கு 1/120 என்று கூறும். அங்கு மின்னோட்டம் 60 சுற்று. மொழிபெயர்ப்பவர் இதனையும் மாற்றி எழுதவேண்டும் என்பதை அந்தத் தொடர் ஓட்டத்துக்குப் பிறகே நான் உணர்ந்தேன். 2014-ஆம் ஆண்டு முதல் சில காமிராக்களில் துடிப்பை உணர்ந்து, பிரகாசமான கணத்தில் மட்டும் ஷட்டரைத் திறக்கும் அமைப்பு வந்திருக்கிறது. அது இல்லாதவர் விரைவு ஆட்டங்களில் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்து, நன்றாக வந்ததைத் தேர்ந்துகொள்வதே வழி. விளக்குகளின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ விழுந்தால் பின்னர் திருத்திக்கொள்ளலாம். அதற்காக ஆட்ட நேரத்தில் கவலைப்பட வேண்டியதில்லை.

காமிராவின் பிளாஷை உபயோகிக்கலாமே என்பர். பிளாஷின் ஒளி தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. ஐந்து மீட்டரில் போதுமான ஒளி இருபது மீட்டரில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே மைதான ஓரத்திலிருந்து அது வெறும் அலங்காரம். அருகில் உபயோகித்தாலோ, பந்தைப் பிடிக்க மேலே பார்ப்பவரின் கண்ணைக் கூசச் செய்யும். அது நாகரிகமன்று; ஆபத்துங்கூட.

களரியில்

ஆபத்து என்னும்போது கிழக்கேகோட்டையிலேயே ஓரிடம் நினைவுக்கு வருகிறது. 1956-இல் இங்கு நிறுவப்பட்ட சி.வி.என். களரி, களரிப்பயிற்று கற்பிக்கும் இடங்களில் புகழ் பெற்றது. மரபுப்படி களரி என்பது தரைமட்டத்துக்குக் கீழே தோண்டி அமைக்கப்படும் பயிற்சிக்களம். 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்டது. கூரையின் கீழ், நிலத்தின் கீழ், வெளிச்சம் இயல்பாகவே குறைவு. வாளும் கேடயமும் மோதும் இடத்தில் பிளாஷை நினைக்கவே கூடாது. ஆசானின் அனுமதியின்றிக் காமிராவையும் எடுக்கலாகாது. களரிப்பயிற்று 2021-ஆம் ஆண்டுக்குரிய கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சேர்க்கப்பட்ட பிறகு, பள்ளிகளின் பதிவேட்டில் அதன் படங்களும் இடம்பெறும் அவசியம் கூடியிருக்கிறது.

இங்கு முன்பு கூறிய உச்சகணமே துணை. சிம்ம வடிவு, கஜ வடிவு முதலிய நிலைகளில் உடல் ஒரு நொடி அசையாது நிற்கும். அந்த நொடிக்கு 1/125 வினாடி தாராளம். வாள் மோதலுக்கு 1/500 வேண்டும், எஃப் 2.8 லென்ஸும் 6400-க்கு மேற்பட்ட ஐ.எஸ்.ஓ. எண்ணும் இன்றி அது கிடைக்காது. உறுமி எனப்படும் சுருள்வாளை முழுத் தெளிவாகப் பிடிக்க முயன்று பலர் தோற்கின்றனர். அதனை விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். 1/60 வினாடியில் வீரரின் முகமும் தோளும் ஓரளவு தெளிவாக நின்று, உறுமி ஒளிவளையமாகச் சுழலுமானால், பார்ப்பவருக்கு அந்த ஆயுதம் இன்னதென்று விளங்கிவிடும். உறைந்து நிற்கும் தகட்டைப் பார்த்தால் விளங்காது.

கைபேசியில் எடுப்போருக்கு

களப்பணியாளர் பலரிடம் கைபேசியே காமிராவாக இருக்கிறது. அதன் லென்ஸ் எஃப் 1.8 போன்ற பெரிய துவாரமுடையது என்று விளம்பரம் கூறும், உண்மைதான். ஆனால் ஒளியை உணரும் தகடு மிகச் சிறியது. இருட்டைக் கண்டதும் கைபேசி இரவு முறைக்குத் தானே மாறிக்கொள்ளும். அது ஒரு வினாடி அல்லது அதற்கும் மேலாகப் பல படங்களை எடுத்து ஒன்றுசேர்க்கிறது. அசையாத கட்டடத்துக்கு அது அற்புதமான முறை. ஓடும் சிறுமிக்கு அதுவே விஷம். ஆகவே முதலில் இரவு முறையை அணைத்துவிட வேண்டும். அளவுகளைக் கையால் வைக்கும் வசதி இருந்தால் ஷட்டரை 1/250 வினாடியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. எண்ணைத் தேவைக்கு உயர்த்த வேண்டும். படத்தைப் பெரிதாக்கும் பொருட்டு விரல்களால் விரிப்பதைவிட நாமே நான்கடி முன்னே போவது நல்லது. கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். படத்தோடு பதியும் நேரம், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் எந்நேரத்தில் எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்பதைக் காட்டும் குறிப்பாக உதவும்.

இவற்றையெல்லாம் எழுதி அந்த உடற்பயிற்சி ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். புதிய லென்ஸ் வாங்கப் பள்ளியில் பணமில்லை என்றார். பிறகு மறு ஆண்டுக்குரிய நிகழ்ச்சி நிரலைக் கொண்டுவரச் செய்து, பென்சிலால் இரண்டு வரிகளை இடம் மாற்றினார். தொடர் ஓட்டம் நான்கரை மணிக்கு வந்தது. உயரம் தாண்டுதல் ஐந்தரை மணிக்குப் போயிற்று.